கார் பேட்டரி: நாமே மாற்றுவதா, கடைக்காரரை வரச் சொல்வதா?

சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும். சரி, பேட்டரி போய்விட்டது. அப்புறம்?

செலவு: நாமே மாற்றினால் கூலி மிச்சம். ஆனால் பல கடைகளில் பேட்டரி வாங்கினால் வீட்டுக்கே வந்து சும்மா மாட்டித் தருகிறார்கள். பழையதற்கும் விலையில் கழிவு உண்டு.

வேலை: பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். பிளஸ்ஸை முதலில் தொட்டால், ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். முனையில் பூத்த வெள்ளைப் பொடியை, வெந்நீரில் சமையல் சோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். கடைப் பையன் அவசரத்தில் இதை விட்டுவிடுவதும் உண்டு.

கனம்: பத்துப் பதினைந்து கிலோ. முதுகுவலிக்காரர்கள் தொடவே வேண்டாம்.

பழைய மாருதி 800 என்றால் நானே மாற்றிவிடுவேன். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணைந்து, கிளம்பும்போது தானே ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள புது வண்டிக்கு ஆளை வரச் சொல்வதே மேல். வாரண்டி கார்டில் தேதியும் முத்திரையும் கேட்டு வாங்குங்கள்.