சொதி ஊற்றி ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டார்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா அம்மாவை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அம்மாவுக்கு 79 வயது, அம்பாசமுத்திரம், சுத்த சைவம். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு பகலில் தனியாக விட முடியவில்லை. சென்னைக்கு வெளியே ஒரு தனியார் இல்லம். பார்க்கப் போன அன்று மதியம் எங்களையும் உட்காரவைத்து இலை போட்டார்கள். சொதி! தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் சரியாக இருந்தது, கூடவே இஞ்சித் துவையல் வேறு. "சமையல்காரர் திருநெல்வேலிதான் மேடம், யாருக்கு எந்த ஊர்ச் சாப்பாடோ அதைத்தான் கொடுப்போம்" என்றார் மேலாளர். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். முன்பணம் ஒன்றரை லட்சம், திருப்பித் தருவார்களாம், அங்கேயே உட்கார்ந்து அனுப்பினேன்.

சொதி அன்றோடு சரி. தினம் ராத்திரி சப்பாத்தி, குருமா. பல் இல்லாதவள் அதைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றிருக்கிறாள். ஒருநாள் முட்டைக்குழம்பில் போட்ட கரண்டியாலேயே சாம்பார் ஊற்றினார்கள், அதோடு தயிர்சாதம் தவிர எதையும் தொடவில்லை. ஆறு வாரத்தில் 5 கிலோ குறைந்துவிட்டாள். கேட்டால் "வயசானவங்க முதல்ல அப்படித்தான் மேடம், பழகிடுவாங்க." அடுத்த முறை, "மெனு டயட்டீஷியன் போடறது." சரி, அந்தச் சமையல்காரரையாவது பார்க்கிறேன் என்று உள்ளே போனால் அடுப்பே எரியவில்லை. சாப்பாடு வெளியே கேட்டரிங்கிலிருந்து வேனில் வருகிறது! அன்றைக்குச் சொதியை எங்கே வாங்கினார்களோ.

அம்மாவை அழைத்துவந்து 23 நாள் ஆகிறது. "ஹெட் ஆபீஸ்ல கேளுங்க", "அக்கவுண்ட்ஸ் சார் லீவு", இப்போது "ஆறு மாசத்துக்குள்ள காலி பண்ணினா முன்பணம் கிடையாது, படிவத்துல இருக்கே." இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸில். ஒன்றரை லட்சம்! அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

என்னென்ன கவனிக்கணும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். அடுப்பு எரிகிறதா பாருங்கள். சாப்பாடு பற்றி வாயால் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதியோர் உதவி எண் 14567. அப்புறம், ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.