சோழமண்டலத்தில் ஓர் அரூப ஓவியம்: வாங்கலாமா?
சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போனால் முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தொடங்கிய இடம், ஆரம்பத்தில் ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் காலம் தள்ளியிருக்கிறார்கள், அது தெரிந்தபிறகு விற்பனைக் கூடத்தில் விலையைப் பார்த்தால் அவ்வளவு எரிச்சல் வராது.

எனக்குப் பிடித்துப்போனது ஓர் அரூப ஓவியம், அதாவது உருவம் எதுவும் இல்லாத அக்ரிலிக் படம். அடர்நீலத்தின் மேல் குங்குமச் சிவப்பும் மஞ்சளும், கத்தியால் இழுத்த வண்ணம் ஓரங்களில் வரப்பு மாதிரி மேடுகட்டி நிற்கிறது, பக்கவாட்டில் இருந்து பார்த்தால்தான் அதன் அழகே. போனில் எடுத்த படத்தில் இதெல்லாம் காணாமல் போய்விடுகிறது, அதனால் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். வாங்கச் சொல்லி யாரும் நச்சரிக்கவில்லை, நிம்மதி.

சோபாவுக்குப் பொருந்துமா என்றார் வீட்டுக்காரர். சோபா மாறும், சார்! என் கவலை ஈரம்தான்: கடலோர வீட்டில் கேன்வாஸில் பூஞ்சை பிடிக்கும், மழை ஊறும் வெளிச்சுவரில் மாட்டக் கூடாது, நேர் வெயிலும் ஆகாது. உட்சுவரை அளந்தாயிற்று, டிவியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். சரி, வாங்கிவிடுகிறேன்.