வேலை உறுதி என்று சொல்லி 84,960 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ஆன்லைன் கோர்ஸ் சேரப்போகிறவர்கள் படியுங்கள்

டேட்டா அனலிடிக்ஸ் (தகவல்களை அலசிப் பார்ப்பது) கற்றுக்கொடுத்து வேலையும் வாங்கித் தருகிறோம் என்று உங்களுக்கு ஃபோன் வருகிறதா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள். என்னிடம் 84,960 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கோர்ஸ் கட்டணம் 72,000, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று நேற்று சாயங்காலம் மெயில் வந்தது. இரவெல்லாம் தூக்கமில்லை. சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். டேலி, எக்செல் தெரியும். அந்த வேலைக்குத் தேவையான எஸ்க்யூஎல், பவர் பிஐ, கொஞ்சம் பைத்தான் கற்றுக்கொண்டால் ஐடி கம்பெனிகள் இருக்கிற ஓஎம்ஆர் பக்கம் நல்ல சம்பளத்துக்குப் போகலாம் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், அதில் தப்பே இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைப்பவர்களைக் குறிவைத்துப் பிடுங்குகிறார்களே, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு விளம்பரத்தில் நம்பரைக் கொடுத்ததும் ஒரு பெண் கூப்பிட்டாள். அட்மிஷன் கவுன்சலராம். எடுத்த எடுப்பிலேயே தமிழில், "அக்கா, நானும் கொரட்டூர்தான்கா, ஏரிக்குப் பக்கத்துல" என்றாள். என் வேலை, சம்பளம், எத்தனை மணிக்கு வீடு திரும்புவேன் என்று எல்லாம் பொறுமையாகக் கேட்டாள். சனி, ஞாயிறு லைவ் வகுப்பு, சந்தேகம் கேட்க தனி ஆள், முடித்ததும் வேலை உறுதி. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றதும், "அப்பாகிட்ட குடுங்கக்கா, நான் பேசுறேன்" என்றாள்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்மா, இத்தனை காசு கட்டுறோம், பொண்ணுக்கு வேலை கிடைச்சிடுமா?" ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "அங்கிள், அது என் பொறுப்பு. கிடைக்கலன்னா என்கிட்ட கேளுங்க" என்றாள். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. சேர்ந்துக்கோம்மா என்றார். பெரியவரிடம் அப்படி ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டு எப்படி இவர்களால் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறது?

ராத்திரி 12 மணியோடு சலுகை முடிகிறது, மாதம் 7,080 கட்டினால் போதும், வட்டியே கிடையாது என்றாள். சீட் பதிவுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். அது சீட் பதிவு இல்லை. நான் பெயரே கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் கடன் ஒப்பந்தத்துக்கான கையெழுத்து அது. கடன் என்ற சொல் அவள் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. மொத்தத் தொகையும் நேராகக் கோர்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டது. என் கணக்கிலிருந்து மாதாமாதம் 7,080 தானாகக் கழிகிறது.

வகுப்புக்கு வருவோம். எஸ்க்யூஎல்லில் ஜாயின் (இரண்டு அட்டவணைகளை இணைப்பது) நடத்திக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சந்தேகம், சாட்டில் எழுதினேன். பதில் இல்லை. ஆனால் அந்த சார் நடுநடுவே யாரோ இரண்டு பேர் பெயரைச் சொல்லி "நல்ல கேள்வி" என்கிறார். சாட்டில் அந்தப் பெயரில் யாருமே இல்லை. அப்புறம்தான் அவருடைய திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி போன வருஷத்துத் தேதி. பழைய வீடியோவை வகுப்பு நேரத்தில் ஓடவிட்டு லைவ் என்கிறார்கள்! உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து சாட்டையே மூடிவிட்டார்கள்.

வேலை? 90 சதவீத வருகை, எல்லாத் தேர்விலும் 80 மதிப்பெண் இருந்தால்தான் இன்டர்வியூவுக்கே அனுப்புவார்களாம். அதையும் எடுத்தேன். அவர்கள் அனுப்பிய ஒரே இன்டர்வியூ எதற்குத் தெரியுமா? இதே மாதிரி இன்னொரு கோர்ஸ் கம்பெனியில் ஃபோன் போட்டு ஆள் சேர்க்கிற வேலை! அந்தக் கொரட்டூர்ப் பெண் செய்கிற அதே வேலை. அதற்கு எஸ்க்யூஎல் எதற்கு?

அவளைக் கூப்பிட்டால் நம்பர் உபயோகத்தில் இல்லை. கஸ்டமர் கேரில் ஒவ்வொரு முறையும் ஒரு புது ஆள், முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், 48 மணி நேரத்துல கால் வரும்." வராது. நேரில் போனேன். அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் மேலே விட மாட்டோம் என்று செக்யூரிட்டி லிஃப்ட் பக்கத்திலேயே நிறுத்திவிட்டார். அப்பாவும் கூட வந்திருந்தார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

நிதி நிறுவனமோ, "கோர்ஸ் பிரச்சினையை அவங்ககிட்ட பேசுங்க, எங்களுக்கு இஎம்ஐ வந்தாகணும்" என்கிறது. இரண்டு பேரும் மாறி மாறிக் கையைக் காட்டுகிறார்கள். டிஜிட்டல் கடனில் ரிசர்வ் வங்கி விதிப்படி கூலிங் ஆஃப் காலம் உண்டு. அதற்குள் அசலையும் அன்றுவரைக்கான வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லாமல் விலகலாம். ஆனால் அசல் நம் கைக்கே வருவதில்லையே, கோர்ஸ் கம்பெனியிடம் அல்லவா இருக்கிறது! அவர்கள் இழுத்தடித்தே அந்த நாட்களைக் கடத்திவிடுகிறார்கள். 84,960 ரூபாய்! எங்கள் வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

விவரமாக ஆலோசனை எழுத நினைத்தேன், ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஃபோனில் சொல்கிற எதையும் மெயிலில் கேளுங்கள், தரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் என்ன எழுதியிருக்கிறது, அனுப்புவது யார் என்று பார்க்காமல் சொல்லாதீர்கள். இஎம்ஐ என்றாலே கடன் யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். கோபத்தில் இஎம்ஐயை நிறுத்தாதீர்கள், சிபில் ஸ்கோர் போய்விடும். கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். கடன் கொடுத்தவர்களுக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) போகலாம், உதவி எண் 14448. நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப்போகிறேன், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. உங்களிடமும் இப்படிப் பழைய வீடியோவை லைவ் என்று ஓட்டியிருந்தால், தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே போடலாம்.