பரவிவிட்ட ஆசனவாய்ப் புற்றுநோய்: எந்த மருந்துக் கூட்டு ஏற்றது?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய் போன்ற தோட்டப்புறச் சிற்றூர்களில் ஆசனவாயில் இரத்தம் கசிந்தால், அதை மூலம் என்று தாமே முடிவுகட்டிக் களிம்பு தடவுபவர்களே அதிகம். கூச்சமும் சேர்ந்துகொள்வதால், கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ நோய் பரவிய பிறகுதான் சிலர் பாலம் கடந்து பினாங்கு மருத்துவமனையை அடைகிறார்கள். அந்நிலையில் உடல் முழுவதும் சென்று வேலை செய்யும் மருந்துகளே முதன்மைச் சிகிச்சை. கதிர்வீச்சு, வலியையும் கசிவையும் அடக்கத் துணைக்கு வரும்.

நெடுங்காலம் வழக்கில் இருந்த கூட்டு சிஸ்பிளாட்டினும் ஃபுளூரோயுராசிலும் ஆகும். அதைக் கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் கூட்டோடு 91 நோயாளிகளிடம் ஒப்பிட்ட இன்டர்ஆக்ட் ஆய்வு 2020இல் வெளியானது. கட்டி சுருங்கியவர்களின் விகிதம் பழைய கூட்டில் 57 விழுக்காடு, புதியதில் 59, பெரிய வேறுபாடில்லை. ஆனால் கடுமையான பக்கவிளைவுகள் பழையதில் 62 விழுக்காட்டினரையும் புதியதில் 36 விழுக்காட்டினரையும் தாக்கின. இடைநிலை ஆயுட்காலமும் (பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 12.3 மாதத்திலிருந்து 20 மாதமாக உயர்ந்தது.

எண்கள் இப்படியிருக்க, தோட்டத்து வீட்டிலிருந்து பார்த்தால் கணக்கு சற்று மாறும். பழைய கூட்டில் ஃபுளூரோயுராசில் நான்கு நாள் இடைவிடாமல் ஏற வேண்டும். அதற்கு வார்டில் படுக்க வேண்டும், அல்லது நெஞ்சில் தோலுக்கடியில் மருந்தேற்றும் போர்ட் பொருத்தி இடுப்பில் பம்பைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். புதிய கூட்டுக்குப் படுக்கை தேவையில்லை என்றாலும், 28 நாள் சுற்றில் மூன்று வாரம் தொடர்ந்து, வாரம் ஒருமுறை வர வேண்டும். சொந்தக் கார் இல்லாத வீட்டில், மகனோ மருமகளோ மாதம் மூன்று நாள் சம்பளத்தை இழப்பதும் ஒரு செலவுதான். அப்படியிருந்தும் நான் புதிய கூட்டின் பக்கமே நிற்பேன். நீரிழிவால் சிறுநீரகம் தளர்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் செவியையும் பதம்பார்க்கும், கார்போபிளாட்டினின் அளவையோ சிறுநீரகத்தின் திறனுக்கேற்பக் கணக்கிட்டுக் கொடுக்கலாம். பாக்லிடாக்செல் தரும் விரல் மரமரப்பை மட்டும் குறைத்து மதிப்பிடக் கூடாது. இன்னும் ரப்பர் பால்வெட்டுக் கத்தி பிடிப்பவரும், சர்க்கரையால் பாதம் ஏற்கெனவே மரத்துப்போனவரும் அதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

டோசிடாக்செல், சிஸ்பிளாட்டின், ஃபுளூரோயுராசில் மூன்றையும் சேர்த்து, அளவைக் குறைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கும் பிரெஞ்சு முறை மூன்றாவது வழி. இம்மூன்றையும் முழு அளவிலோ குறைத்த அளவிலோ பெற்ற 66 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் கட்டி சுருங்கியவர்கள் 86 விழுக்காட்டினர். எனினும் அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. ஆகவே இதையும் முந்தைய ஆய்வின் 59 விழுக்காட்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. வயது குறைந்த, உடல் திடமான நோயாளிக்கு இதைப் பற்றிப் பேசலாம். எழுபது வயதைத் தாண்டியவருக்கு நான் விரும்பமாட்டேன்.

உடலின் எதிர்ப்பாற்றலைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் நோய் எதிர்ப்பு மருந்தைச் சேர்ப்பது பற்றி இரு ஆய்வுகள் இரு விதமாகப் பேசுகின்றன. பிரெஞ்சு மும்மருந்தோடு அட்டெசோலிசுமாப் சேர்த்தும் பயன் கூடவில்லை. கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் கூட்டோடு ரெட்டிஃபான்லிமாப் சேர்த்தபோது, 308 பேரிடம், நோய் முன்னேறாத காலம் 7.4 மாதத்திலிருந்து 9.3 மாதமானது, 2025 மே மாதம் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. இடைநிலை ஆயுட்காலம் அம்மருந்து இல்லாமல் 23 மாதம், அதோடு 29.2 மாதம் எனத் தெரிந்தாலும், அவ்வேறுபாடு புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. கட்டுப்பாட்டில் உள்ள எச்ஐவி நோயாளிகளும் இவ்வாய்வில் சேர்க்கப்பட்டார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

நோய் முன்னேறாத காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதக் கூடுதலுக்காக நிலத்தையோ நகையையோ விற்பதா என்பதைக் குடும்பம் விலையை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முடிவு செய்யட்டும். கையில் பணம் இல்லாதவர் கீமோவை (கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் கூட்டை) மட்டும் ஏற்பதால் சிகிச்சையைக் கைவிட்டவர் ஆகிவிட மாட்டார். அந்த ஆய்வின் மறுபாதியினரும் தொடக்கத்தில் அதையே பெற்றார்கள். நோய் எதிர்ப்பு மருந்தைச் சேர்த்துக்கொள்பவர் ஒன்றை மறக்கக் கூடாது: இம்மருந்து குடலையும் நுரையீரலையும் தைராய்டையும் பல மாதம் கழித்தும் தாக்கலாம். வயிற்றுப்போக்கு வந்தால் கடைச் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு மாத்திரை விழுங்காமல், மருந்தின் பெயரை மலாயில் எழுதிய தாளோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போக வேண்டும். கீமோ நாள்களில் 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் கண்டால், பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திராமல் அந்த இரவே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.