வெள்ளவத்தையில் ஓர் அலுவலக ஆங்கில வகுப்பு: ‘எஸ்கலேட்’ பாடம்

காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையொன்றில் வார இறுதிகளில் நடைபெறும் இவ்வகுப்பில், ஒரு பாடவேளை முழுவதும் ஒரே ஆங்கில வினைச்சொல்லுக்கு ஒதுக்கப்படுகிறது. வேலைக்குச் செல்வோருக்கு இது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால், கொழும்பு அலுவலக மின்னஞ்சல்களில் நாள்தோறும் புழங்கும் ‘எஸ்கலேட்’ என்ற சொல்லுக்கு அவ்வளவு நேரமும் தேவைப்பட்டது.

ஏணியைக் குறிக்கும் ‘ஸ்காலா’ என்ற இலத்தீன் சொல்லே அடிவேர் என்றாலும், வினைச்சொல் அங்கிருந்து நேரே வரவில்லை. 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டிஸ் நிறுவனம் காட்டிய நகரும் படிக்கட்டின் வணிகப் பெயர் ‘எஸ்கலேட்டர்’. அப்பெயரின் வாலை நறுக்கியபோது கிடைத்ததே ‘எஸ்கலேட்’. 1920களில் அப்படிக்கட்டில் ஏறிச் செல்வதை மட்டுமே குறித்த சொல், 1950களின் இறுதியில் அணுவாயுதப் போர் பற்றிய விவாதங்களுக்குள் புகுந்து, ‘படிப்படியாகத் தீவிரமடைதல்’ என்ற இன்றைய பொருளைப் பெற்றது. இதற்கிடையில், 1950இல், ‘எஸ்கலேட்டர்’ பொதுப்பெயராகிவிட்டதென அமெரிக்காவில் முடிவாகி, வணிகக்குறி உரிமையும் பறிபோயிற்று.

பிரயோகத்தை ஆசிரியர் தமிழிலக்கணத்தின் துணையோடு விளக்கியது பாராட்டத்தக்கது. விலை தானே ‘ஏறும்’, வியாபாரி அதை ‘ஏற்றுவார்’. ஆங்கிலத்தின் ‘ரைஸ்’, ‘ரெய்ஸ்’ இரண்டும் இவ்வாறே பிரிந்து நிற்க, ‘எஸ்கலேட்’ தன்வினையாகவும் பிறவினையாகவும் நிற்கும். செலவு, முறுகல், தகராறு போன்ற விரும்பத்தகாதவை கூடும்போதே இச்சொல் பெரும்பாலும் பொருந்தும் என்பதால், சம்பள உயர்வுக்கு இதைப் பயன்படுத்தினால் முகாமையாளர் முகம் சுளிக்கக்கூடும். முறைப்பாட்டை மேலதிகாரியிடம் கொண்டுசெல்லும் அலுவலகப் பொருளுக்கு மட்டும் இக்கறை இல்லை.

கட்டணம் நியாயமானது, இருக்கைகளைப் பற்றி அவ்வாறு கூற இயலாது. பெரிய குறை பயிற்சித்தாளில் உள்ளது. ‘இன்கிரீஸ்’ பெயர்ச்சொல்லாக வரும்போது முதலசையிலும், வினையாக வரும்போது இரண்டாமசையிலும் அழுத்தம் விழும் என்பதற்கு ஒரு வரி மட்டுமே தரப்பட்டுள்ளது. ‘பை’, ‘டு’ ஆகிய முன்னிடைச் சொற்களின் வேறுபாட்டுக்குப் பயிற்சியே இல்லை. 1000 ரூபாயாக இருந்த விலை 1200 ரூபாயானால், ‘பை’ என்பதற்குப் பின் 200, ‘டு’ என்பதற்குப் பின் 1200 வரவேண்டும். கணக்குப் பிரிவுகளில் பணியாற்றுவோர் தடுமாறும் இடம் இதுவே. அவர்கள் பணம் கட்டுமுன் பயிற்சித்தாளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.