ஒரு கிட்டார், இரண்டு ஆம்ப்: சிக்னலை எப்படிப் பிரிப்பது?

ஃபெண்டர் ட்வின், மார்ஷல் என்ற இரண்டு ஆம்ப்களை (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டிகள்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கிட்டாரை இரண்டிலும் ஓட்டினால் சத்தத்துக்கு வரும் தடிமன், தனி ஆம்பில் எந்தப் பெடல் (காலால் அழுத்தும் எஃபெக்ட் பெட்டி) வைத்தாலும் அப்படியே வராது. ட்வினில் மேல் ஒலியும் கீழ் ஒலியும் பளிச்சென்று இருக்கும், நடு ஒலி அமுங்கிக் கிடக்கும். மார்ஷலில் அந்த நடுதான் முன்னால் வந்து நிற்கும். ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் ஸ்டீவி ரே வான் ஃபெண்டர்களோடு டம்பிள் என்ற ஆம்பையும் சேர்த்து ஓட்டியவர். சரி, கிட்டாரிலிருந்து வருவது ஒரே ஒரு கேபிள். அதைப் பிரிக்க மூன்று வழிகள்.

மலிவானது ஒய் கேபிள். ஒரு முனையில் ஒரு ஜாக், மறுமுனையில் இரண்டு. சத்தம் உடனே வரும், ஆனால் கொஞ்சம் மங்கலாக வரும். பெரும்பாலான ஆம்ப்களின் இன்புட் மின்தடை 1 மெகாஓம். இரண்டைச் சேர்த்து மாட்டினால் பிக்கப் (கம்பியின் அதிர்வை சிக்னலாக்கும் பாகம்) பார்ப்பது 500 கிலோஓம்தான், அதனால் ட்ரெபிள் (மேல் ஒலி) மங்கும். கேபிளின் நீளமும் கூடுவதால் ட்ரெபிள் இன்னும் குறையும். முன்னால் பஃபர் (சிக்னல் மங்காமல் காக்கும் சர்க்யூட்) உள்ள பெடல் ஒன்று இருந்தால் இது பெரிய பிரச்சினை இல்லை.

பெரிய பிரச்சினை ஹம். இரண்டு ஆம்பும் கரண்ட் வழியாக ஏற்கெனவே எர்த்தில் சேர்ந்திருக்கின்றன. கேபிளின் ஷீல்டு (உள் கம்பியைச் சுற்றிய உலோக உறை) அவற்றை இரண்டாவது முறையும் சேர்க்கிறது. அந்த வளையத்தில்தான் 'உம்ம்' என்ற இரைச்சல் புகுகிறது. ஒரு ஆம்பின் கேபிளைக் கழற்றியதும் ஹம் நின்றுவிட்டால் காரணம் இதுதான். இரண்டையும் ஒரே பிளக் பாயின்டில் மாட்டினால் ஓரளவு குறையும். ஆனால் த்ரீ-பின் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டியோ, டூ-பின் அடாப்டர் போட்டோ ஹம்மை நிறுத்தும் வழக்கம் உயிரோடு விளையாடுவது. கிட்டாரின் கம்பிகளும் அவை தங்கும் பிரிட்ஜும் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்பின் உள்ளே ஏதாவது பழுதானால் 230 வோல்ட் நேராக விரலுக்கு வரலாம். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

அடுத்தது ஃபேஸ், அதாவது சிக்னல் அலை ஏறி இறங்கும் திசை. ஒரு ஆம்ப் சிக்னலைத் தலைகீழாக்கும், இன்னொன்று ஆக்காது. அப்போது ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் நேரத்தில் மற்றது பின்னால் இழுக்கும், பேஸ் (கீழ் ஒலி) காணாமல் போகும். தடித்த ஈ கம்பியை அடித்துவிட்டு ஒரு ஆம்பை மட்டும் மியூட் செய்து பாருங்கள். சத்தம் குறைவதற்குப் பதில் பேஸ் கூடினால் ஃபேஸ் எதிரெதிராக இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இரண்டு தொல்லைக்கும் ஒரே மருந்து இரண்டாவது வழி: டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஸ்ப்ளிட்டர் பெட்டி. ரேடியல் பிக்ஷாட் ஏபிஒய், லேலே பி-ஸ்ப்ளிட் இரண்டும் இந்த வகை. ஒரு அவுட்புட்டை டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்புவதால் ஷீல்டு வளையம் அறுந்துவிடும், பவர் எர்த் பத்திரமாக இருக்கும். ஃபேஸ் மாற்றும் ஸ்விட்சும் உண்டு. இவை பாசிவ் (சிக்னலைப் பெருக்காதவை) என்பதால் இங்கேயும் முன்னால் ஒரு பஃபர் நல்லது. பாஸ் (Boss) கம்பெனியின் எல்எஸ்-2 என்ற ஸ்விட்ச் பெடல் வைத்திருப்பவர்களுக்கு பஃபர் கிடைத்துவிடும், டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்காது. ஹம் அப்படியே இருக்கும். என் ஓட்டு தயங்காமல் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்கு. இரண்டாவது ஆம்ப் வாங்கும் முன்பே அதற்கான காசை எடுத்து வையுங்கள்.

மூன்றாவது வழி, இடது வலது என இரண்டு வெவ்வேறு சிக்னல் தரும் ஸ்டீரியோ பெடல். இது தடிமனுக்கு அல்ல, அகலத்துக்கு. 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 ஆம்பின் கோரஸ் எஃபெக்ட் இப்படித்தான்: ஒரு ஸ்பீக்கரில் நேர் சத்தம், மற்றதில் சுருதி அசையும் சத்தம், இரண்டும் காற்றில் கலக்கின்றன. அடுத்த ஆண்டு வந்த பாஸ் சிஇ-1 பெடல் அதே வேலையைத் தனித்தனி ஆம்ப்களில் செய்ய விட்டது. ஆம்ப்களைச் சில அடி தள்ளி வைத்து நடுவில் நின்று கேட்டால் அறையே விரிந்த மாதிரி இருக்கும். ஆனால் ஸ்டீரியோ பெடல்களில் பெரும்பாலானவை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாதவை, எனவே ஹம் இங்கேயும் வரலாம். தவிர, மேடையில் பிஏ (கூட்டத்துக்குக் கேட்கும் ஸ்பீக்கர் அமைப்பு) மோனோவாக, அதாவது எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே சத்தமாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து அந்த அகலம் போய்விடும். மிகக் குறுகிய டிலே (தாமதம்) வைத்து அகலப்படுத்தியிருந்தால் குழாய்க்குள் பேசுகிற மாதிரிகூட ஆகிவிடும். சவுண்ட் செக்கில் இன்ஜினியரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: "அண்ணே, பிஏ மோனோவா, ஸ்டீரியோவா?" மோனோ என்றால் ஸ்டீரியோ பெடலை விட்டுவிட்டு, ஸ்ப்ளிட்டர் வழியாக இரண்டு ஆம்புக்கும் ஒரே சிக்னலை அனுப்பி ஆளுக்கொரு மைக் வைத்துக்கொள்ளலாம்.