ஓராண்டு அப்ரண்டிஸ்: பட்டதாரிகளுக்கான நாட்ஸ் சேவை தேறுமா?

நாட்ஸ் என்பது தேசியப் பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சித் திட்டம். அதன் தளத்தில் பதிகிறவர்கள் பலர் அதை வேலை வாங்கித் தரும் தளம் என்று நினைத்துப் பதிகிறார்கள். ஏமாற்றம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. வேலை என்று எடைபோட்டால் இது பாஸ் மார்க் வாங்காது. படித்த படிப்புக்கு வெளியே என்னென்ன வேலைகள் இருக்கின்றன, அதில் எது நமக்கு ஒத்துவரும் என்று பன்னிரண்டு மாதம் உள்ளே இருந்து பார்க்க ஒரு வழி, அதற்குக் கையில் கொஞ்சம் பணம் என்று எடைபோட்டால், பட்டம் முடித்துத் திசை தெரியாமல் நிற்பவருக்கு அரசு நடத்தும் சேவைகளில் இதைவிட உருப்படியானது குறைவு.

அடிப்படை இதுதான். 1961-ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் முதலில் ஐடிஐ படித்தவர்களுக்காக வந்தது. 1973 திருத்தத்தில் பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2014 திருத்தம் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. படித்தவர்களுக்கும் கதவைத் திறந்தது. இன்றும் "அப்ரண்டிஸா? அது இன்ஜினியரிங் ஆட்களுக்குத்தானே" என்று விலகிப்போகும் கலைக் கல்லூரி மாணவர்கள் நிறைய. பட்டதாரிகளுக்கான பயிற்சியை மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் நான்கு மண்டல வாரியங்கள் நடத்துகின்றன. நமக்கானது சென்னை தரமணி சிஐடி வளாகத்தில் இருக்கும் தென் மண்டல வாரியம். பெயரில் ஒத்துப்போகும் நாப்ஸ் (தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம்) வேறு. அது திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் திட்டம், தளமும் வேறு. பட்டதாரிப் பயிற்சிக்கான அறிவிப்பைப் பார்த்துவிட்டு நாப்ஸில் போய்ப் பதிந்து, கடைசித் தேதி வரை அங்கேயே தேடிக்கொண்டிருப்பவர்களும் உண்டு.

பணத்தைப் பற்றி முதலில் பேசிவிடுவது நல்லது. 2019 விதித் திருத்தத்தின்படி பட்டதாரிக்கு மாதம் குறைந்தபட்சம் 9000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8000 என்று வைத்தார்கள். 2025 மே மாதம் மத்தியப் பழகுநர் கவுன்சில் இதை 36 விழுக்காடு உயர்த்தப் பரிந்துரைத்தது. எனவே பழைய யூடியூப் வீடியோவை நம்பாமல், விண்ணப்பிக்கும் அறிவிப்பில் போட்டிருக்கும் தொகையைப் பாருங்கள். குறைந்தபட்சத்துக்கு மேல் கொடுக்க நிறுவனத்துக்குத் தடையில்லை. வங்கிகள் அப்படிக் கொடுக்கின்றன: இந்தியன் வங்கி 2024-இல் 1500 பேரை எடுத்தபோது பெருநகர, நகரக் கிளைகளுக்கு 15,000, மற்ற கிளைகளுக்கு 12,000 என்று வைத்தது. அதற்கு ஆன்லைன் தேர்வும் உள்ளூர் மொழித் தேர்வும் உண்டு. தமிழைப் பள்ளியில் ஒரு பாடமாகப் படித்தவர்களுக்கு மொழித் தேர்வு பெரிய சுமையில்லை.

குறைந்தபட்சத் தொகையில் பாதி அரசின் பங்கு. முன்பு நிறுவனம் முழுத்தொகையும் கொடுத்துவிட்டுப் பிறகு வாரியத்திடம் திரும்பப் பெறும். 2024 ஜூலையில் புதிய நாட்ஸ் 2.0 தளம் வந்தபின் அரசுப் பங்கு பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருவதற்கு வழி செய்திருக்கிறார்கள். முதல் இரண்டு மாதம் "பாதிப் பணம்தான் வந்தது" என்று புலம்பல் கேட்பது இதனால்தான். பெரும்பாலும் தவறு நிறுவனத்திடம் இருக்காது. ஆதார் இணைப்பில் இருக்கும். வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது ஒன்று, அரசுப் பணம் வந்து விழும் கணக்காக அதைக் குறித்து வைத்திருப்பது வேறொன்று. ஓர் ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு கணக்குதான் அப்படிக் குறிக்கப்பட்டிருக்கும். கல்லூரி ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து, பிறகு தொடவே தொடாமல் முடங்கிக் கிடக்கும் கணக்காக அது இருந்தால் பணம் அங்கே போய் முட்டி நிற்கும். ஆதார் ஆணையத் தளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' என்று பார்த்தால் எந்த வங்கி என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமென்றால் புதிய கணக்கு இருக்கும் கிளையில் இதற்கென உள்ள படிவத்தைக் கொடுக்க வேண்டும். இதை ஒப்பந்தத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பதிவு இலவசம். இடைத்தரகர் தேவையில்லை, ஐநூறு ரூபாய்க்கு "நாட்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன்" செய்து தருவதாகச் சொல்லும் கடைகளில் உங்கள் கைப்பேசி எண்ணுக்குப் பதில் கடைக்காரர் எண் போய் உட்கார்ந்துவிடும் அபாயமும் இருக்கிறது. பிறகு ஓடிபி எல்லாம் அவருக்கு. தேவையானவை ஆதார், அதனோடு இணைந்த கைப்பேசி, மின்னஞ்சல், புகைப்படம், பட்டச் சான்றிதழ் அல்லது புரொவிஷனல் (தற்காலிகச் சான்றிதழ்), வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். கோப்புகளைச் சிறிய அளவுக்குச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று இங்கே காத்திருக்கிறது: இனிஷியல். பட்டச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் அப்பா பெயரே விரிந்து நிற்கும். மூன்றும் மூன்று ஆட்கள் என்று கணினி முடிவு செய்துவிடும். பட்டச் சான்றிதழை மாற்றுவது மாதக்கணக்கில் இழுக்கும். ஆதாரைச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துவது எளிது. ஆதாரில் பெயர் திருத்தம் ஆயுளுக்கு இரண்டே முறைதான் என்பதால், பத்தாம் வகுப்புச் சான்றிதழிலிருந்து பட்டம் வரை எந்த எழுத்துக்கூட்டல் இருக்கிறதோ அதையே குறித்துவைத்து ஒரே தடவையில் சரிசெய்யுங்கள். அரியர் இருப்பவர்கள் அதை முடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை அனுபவம் உள்ளவர்களுக்கும், ஒருமுறை இந்தப் பயிற்சியை முடித்தவர்களுக்கும் இடமில்லை. பட்டம் வாங்கி எத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம் என்பதை ஒவ்வோர் அறிவிப்பிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிந்தாயிற்று, இனி அழைப்பு வரும் என்று காத்திருப்பதுதான் அடுத்த பெரிய தவறு. பதிவு என்பது உள்ளே நுழைவதற்கான எண் மட்டும். அது ஏற்கப்பட்டபின் மறுபடி உள்நுழைந்து, அறிவிக்கப்பட்ட காலியிடங்களில் நிறுவனத்தின் பெயரைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 'விண்ணப்பிக்கப்பட்டது' என்ற நிலை திரையில் தெரிந்தால்தான் முடிந்ததாக அர்த்தம். கடைசி நாளில் புதிதாகப் பதிந்தால் சரிபார்ப்பு முடிவதற்குள் தேதி போய்விடும். சில பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் சொந்தத் தளத்திலும் பதியச் சொல்லும், அச்சுப் படியைத் தபாலில் கேட்பதும் உண்டு. நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை போன்ற இடங்களின் அறிவிப்புகளை முழுதாக, கடைசிப் பக்கம் வரை படியுங்கள். இந்த வகை இடங்களில் பெரும்பாலும் எழுத்துத் தேர்வு கிடையாது. பட்டப்படிப்பு மதிப்பெண் வரிசைப்படி கூப்பிடுவார்கள். மதிப்பெண் அறுபதைச் சுற்றி இருப்பவர்கள் இவற்றை மட்டும் நம்பி ஓராண்டைக் கழிக்கக் கூடாது.

அவர்களுக்குத் தனியார் ஆலைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் தம் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்பது 2019 விதி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர், கோவை என்று எங்கும் இப்படி எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. விளம்பரப்படுத்தாத இடங்களுக்கு மனிதவளப் பிரிவுக்கு நேரே எழுதி, "நாட்ஸில் பதிந்திருக்கிறேன், பதிவு எண் இது" என்று கேட்கலாம். தொகையில் பாதியை அரசு ஏற்கிறது என்பது சிறு நிறுவனங்களைக் காது கொடுக்க வைக்கும்.

இங்கேதான் தேர்வு செய்யும் கணக்கை மாற்றிப் போட வேண்டும் என்பது எங்கள் கட்சி. எல்லோரும் நிறுவனத்தின் பெயரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது உங்களை உட்கார வைக்கப்போகும் பிரிவை. பெரிய பெயருள்ள ஆலையில் ஓராண்டு வருகைப் பதிவேட்டை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. நூறு பேர் இருக்கும் உதிரிபாக ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அளவுக்கருவி பிடிக்கவும், உருப்படி ஏன் கழிக்கப்பட்டது என்று அறிக்கை எழுதவும் பழகிய இயற்பியல் பட்டதாரிக்கு, தனக்கு இது பிடிக்கிறதா இல்லையா என்பதாவது தெரிந்திருக்கும். நேர்காணலில் கேட்க வேண்டியவை: எந்தப் பிரிவு, யாருக்குக் கீழே, பிரிவு மாற்றிக் கொடுப்பார்களா, ஷிப்ட் உண்டா, பஸ்ஸும் கேன்டீனும் உண்டா, போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேரை எடுத்தார்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான். வெளியூர் போய்ச் சென்னையில் விடுதி எடுத்தால் குறைந்தபட்சத் தொகையில் கையில் மிஞ்சுவது சொற்பம். வீட்டிலிருந்து போய்வரும் தொலைவில் கிடைப்பதற்கு முன்னுரிமை கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒப்பந்தம் தளத்தில் ஏறி, நீங்கள் உள்நுழைந்து ஏற்று, வாரியம் அனுமதித்தால்தான் சட்டப்படி பழகுநர். "முதல்ல வந்து சேருங்க, கான்ட்ராக்ட் அப்புறம் போட்டுக்கலாம்" என்று சொல்லும் இடங்களில் அந்த 'அப்புறம்' மூன்று மாதமானால், அந்த மூன்று மாதம் சான்றிதழிலும் வராது, அரசுப் பங்கும் வராது. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, தொகை, பிரிவு நான்கையும் படித்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். நடுவில் விலக நேர்ந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒப்பந்தம் தளத்தில் உயிரோடு இருக்கும் வரை வேறிடத்தில் சேர முடியாது. எழுத்தில் கொடுத்து முறைப்படி முடித்துவைக்கச் சொல்லுங்கள்.

சட்டத்தில் நமக்குச் சாதகமான சில வரிகள் இருக்கின்றன, ஆனால் யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இத்தனை உருப்படி செய்தால் இத்தனை ரூபாய் என்று பழகுநருக்குக் கூலி பேசக்கூடாது. அரசு நியமிக்கும் பழகுநர் ஆலோசகரின் அனுமதியின்றி ஓவர்டைம் வாங்கக்கூடாது. பயிற்சியின்போது காயம்பட்டால் இழப்பீடு நிறுவனத்தின் பொறுப்பு. பாதகமானவையும் உண்டு: பழகுநர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர்; பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, முடித்தவர்களை எடுப்பது பற்றித் தனக்கென ஒரு கொள்கை வகுத்தால் போதும். இரண்டு வருடம் விலக மாட்டேன் என்ற பாண்டு, அசல் சான்றிதழை ஒப்படைப்பது என்று யாராவது ஆரம்பித்தால் தரமணி வாரியத்துக்கு எழுதிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சேவையின் பலவீனமான பகுதி கண்காணிப்பு. பயிற்சித் திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும், முன்னேற்ற அறிக்கைகளும் வரிசையாக ஏறும், ஆனால் அவற்றை நிரப்புவது நிறுவனம்தான். அதனால் நீங்களே ஒரு நோட்டுப் போடுங்கள். வாரத்துக்கு அரைப்பக்கம் போதும்: எந்த இயந்திரம், எந்த மென்பொருள், எந்தப் படிவம், என்ன பிழை, எப்படிச் சரியானது. மூன்றாம் மாத முடிவில் அதைத் திருப்பிப் பார்த்தால் ஒரே வேலை பன்னிரண்டு வாரம் எழுதப்பட்டிருந்தால், பிரிவு மாற்றம் கேட்க வேண்டிய நேரம் அது. கொள்முதல், ஸ்டோர்ஸ், உற்பத்தித் திட்டமிடல், தரக்கட்டுப்பாடு, கணக்கு என்று நாலு பிரிவை எட்டிப் பார்த்தவருக்கு அடுத்த நேர்காணலில் சொல்ல விஷயம் இருக்கும். முடிவில் வாரியம் தரும் சான்றிதழை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அனுபவமாகப் பதியலாம். நிறுவனத்தின் கடிதத்தையும் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தனியார் நேர்காணல்களில் அரசுச் சான்றிதழைவிட அதைத்தான் கவனித்துப் படிப்பார்கள்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? 2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் மாதம் 5000, சேரும்போது ஒருமுறை 6000 என்று வந்தது. அப்போது வயது 21 முதல் 24, குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். பெரிய நிறுவனங்களின் பெயர் கிடைக்கும், தொடங்கியபோது தொகை குறைவு. மத்திய அரசின் என்சிஎஸ் (தேசிய வேலைவாய்ப்புச் சேவை) தளமும் தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்புத் தளமும் காலியிடப் பட்டியல்கள், அவ்வளவே. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கிறது. டிஎன்பிஎஸ்சிதான் என்று முடிவெடுத்துவிட்டவருக்கு அது போதும்.

அப்படி முடிவெடுத்தவர் நாட்ஸ் பக்கம் வர வேண்டாம். எட்டு மணி நேரம் ஆலையில் நின்றுவிட்டு வந்து குரூப் 2 பாடத்தைப் படிப்பது சிலரால்தான் முடியும். கையில் வேலை ஆணை இருப்பவரும், சுமாரான சம்பளமானாலும் பி.எஃப். பிடிக்கும் வேலையாக இருந்தால் அதில் சேர்ந்துவிடுவது மேல். வீட்டுக்கு மாதா மாதம் பணம் தந்தே ஆக வேண்டிய நிலையில் இருப்பவருக்கும் இது சரிப்படாது. மற்றவர்கள், குறிப்பாக பி.எஸ்சி., பி.காம். முடித்து எந்தத் துறை என்று பிடிபடாதவர்கள், தேர்வு முடிவு வந்து புரொவிஷனல் கையில் கிடைத்த வாரமே பதிந்துவிடலாம். ஆகஸ்ட், செப்டம்பர் வரை தள்ளிப்போட்டால் அந்த ஆண்டுக்கான நல்ல பிரிவுகளை முன்னால் வந்தவர்கள் நிரப்பியிருப்பார்கள்.